செயலாளரின் ஆண்டறிக்கை

அனைவருக்கும் வணக்கம். செயற்குழு தவறாமல் கூடியது. கவியரங்கமும் பேச்சுப்போட்டியும் வழக்கம்போல் நடந்தன.

ஆண்டுவிழா நேரலை பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். அரங்கத்துக்கு வருகிறவர்கள் போதாதா, எதற்கு வானொலி, கேபிள், யூடியூப், பேஸ்புக் என்று நாலு இடத்தில் ஒரே நேரத்தில் போட வேண்டும் என்று சிலர் இன்னும் கேட்கிறார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் நம் மூத்த உறுப்பினரிடம் இருப்பது ஒரு சின்ன ரேடியோதான், அவர் யூடியூபுக்கு எங்கே போவார்?

செலவு கூடும் என்றார்கள். ஒரு தளத்துக்கு நொடிக்கு 4 மெகாபிட் வேகம் வேண்டும் என்றால் யூடியூப், பேஸ்புக் இரண்டுக்கும் 8, அதைத் தாங்கும் அப்லோடு வேகம் நம் இணைப்பில் இல்லை. அதனால் ஒரே ஸ்ட்ரீமை இடையில் ஒரு சர்வருக்கு அனுப்பி அங்கிருந்து பிரித்தோம். நேரலை அனுப்ப உதவும் ஓபிஎஸ் (OBS) இலவச மென்பொருள், அதற்குச் செலவே இல்லை.

ஒரு தவறு நடந்தது, மறைக்கவில்லை. மறைந்த உறுப்பினர்களுக்காக இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தியபோது, சத்தம் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்ட வானொலி நிலையத்தின் தானியங்கிக் கருவி மாற்று ஒலிக்குத் தாவி ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டது. மறைந்தவர்களின் குடும்பத்தார் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். நிலையத்துக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அல்லது அடியில் மெல்லிய சுருதியாவது ஓடவிட்டிருக்க வேண்டும். ஒத்திகையில் இதெல்லாம் தெரிந்திருக்கும். ஒத்திகைக்குப் பதினோரு பேரை அழைத்தேன், வந்தது இரண்டு பேர். அப்புறம், பேச்சாளர்கள் "இந்தப் படத்தைப் பாருங்கள்" என்று திரையைக் காட்டியதும் ரேடியோ கேட்பவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. படத்தில் என்ன இருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். யூடியூபில் வந்த கேள்விகளும் அரை நிமிடம் பிந்தியே கிடைத்தன, அதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. பொருளாளரிடம் விவரம் இருக்கிறது. சந்தா பாக்கி வந்திருந்தால் கையில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். பாதிப்பேருக்கு மேல் இன்னும் கட்டவில்லை, மூன்று முறை நினைவூட்டியும்.

கேமரா தந்த நண்பர்களுக்கும், அரங்கம் தந்தவர்களுக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் நாலு இடத்திலும் போடத்தான் எனக்கு ஆசை. ஆனால் ஒலி மிக்சரில் ஒருவர், வானொலி ஒலியை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே இருக்க ஒருவர், யூடியூப் கேள்விகளைப் பொறுக்கித் தர ஒருவர் வேண்டும். இந்த முறை மூன்றையும் நானே பார்த்தேன், இனி என்னால் முடியாது. பெயர் தர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், சந்தா ரசீதுப் புத்தகமும் என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்