தக்காசாகோ கூடத்தின் மரபு எது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெளியான சுமோ மல்யுத்தம் பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். மல்லர்கள் ஒன்றாகத் தங்கிப் பயிலும் கூடங்கள் ('ஹேயா') தொன்றுதொட்டு மாறாதவை என்றும், வெளிநாட்டினர் வந்த பிறகே அவற்றின் மரபு குலைந்தது என்றும் அதில் எழுதப்பட்டிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. டோக்கியோவின் சுமிதா வட்டாரத்தில் உள்ள தக்காசாகோ கூடத்தின் வரலாறு வேறு விதமாக இருக்கிறது.

அக்கூடத்தை நிறுவியவர் தக்காமியாமா என்ற பெயரில் களமாடி, பின்னர் தக்காசாகோ உராகோரோ எனப் பெயர் மாற்றிக்கொண்டவர். போட்டி வருவாயைப் பங்கிடுவதில் மல்லர்களுக்கு நியாயம் வேண்டும் என்று 1873இல் அவர் போர்க்கொடி தூக்கியபோது, டோக்கியோ சுமோ அமைப்பு அவரை வெளியேற்றித் தரவரிசைப் பட்டியலில் அவர் பெயரை மையால் அழித்தது. அவர் பணிந்துவிடவில்லை, தம்மைப் பின்பற்றியவர்களைத் திரட்டிச் சீர்திருத்த அணி ஒன்றை நடத்தி, 1878இல் சமரசம் ஏற்பட்ட பிறகே திரும்பி வந்தார். கிளர்ச்சியாளர் ஒருவரின் பெயரைத் தாங்கிய கூடம் இது என்பதைக் கட்டுரையாளர் கருத்தில் கொண்டிருக்கலாம்.

கூடத்தின் அன்றாட ஒழுங்கு கடுமையானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. இளையவர்கள் விடியலிலேயே வெறும் வயிற்றுடன் பயிற்சியைத் தொடங்குகிறார்கள். குளிப்பதும் 'சாங்கோ' என்ற மல்லர் உணவை உண்பதும் தரவரிசைப்படி மூத்தவர்களுக்கே முதலில். சமைப்பதும் துப்புரவு செய்வதும் இளையவர்கள் பொறுப்பு. நடுவர்களும், மல்லர்களின் பெயரை விளித்து அழைப்போரும், கொண்டை முடிவோரும்கூட ஏதேனும் ஒரு கூடத்தைச் சேர்ந்தவர்களே. ஒரே கூடத்து மல்லர்கள், வெற்றியாளரை முடிவு செய்யும் கூடுதல் ஆட்டத்தில் தவிர, போட்டித் தொடரில் மோதுவதில்லை. ஆனால், மேலிரு பிரிவுகளுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இன்றும் மாத ஊதியம் கிடையாது என்பதைக் காணும்போது, உராகோரோ எழுப்பிய கேள்வி முழுமையாகத் தீரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

வெளிநாட்டினர் பற்றிய பகுதிதான் என்னை மிகவும் வருத்தியது. சுமோவின் மிக உயர்ந்த தரமான யோகோசுனாவை எட்டிய 39ஆம் மல்லர் மாயேதாயாமா இக்கூடத்தவர். 1949இல் தொடரிலிருந்து பாதியில் விலகியிருந்த நேரத்தில், அமெரிக்க பேஸ்பால் அணி ஒன்றின் ஆட்டத்தைக் காணச் சென்றதால் எழுந்த கண்டனத்தில் ஓய்வுபெற நேர்ந்த அவர், பின்னாளில் தக்காசாகோ கூடத்தின் தலைவராக இருந்து, 1964இல் ஹவாயைச் சேர்ந்த ஜெஸ்ஸி குஹாவுலுவா என்ற 19 வயது இளைஞரைச் சேர்த்துக்கொண்டார். அவருக்குச் சூட்டப்பட்ட களப்பெயர் தக்காமியாமா, அதாவது நிறுவனரின் பழைய பெயர். அந்நியர் என்று ஒதுக்கி வைக்க எண்ணியிருந்தால், கூடத்தின் மிக உயர்ந்த பெயர்களுள் ஒன்றை அவருக்கு அளித்திருப்பார்களா? 1972 ஜூலையில் நகோயாவில் முதல் பிரிவுப் பட்டத்தை வென்ற முதல் வெளிநாட்டவரானார் தக்காமியாமா. மாயேதாயாமா அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார்.

அதன் பின் வந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். வெளிநாட்டில் பிறந்தவர்களுள் யோகோசுனாவுக்கு அடுத்த நிலையான ஓசெக்கி தரத்தை முதலில் எட்டிய கொனிஷிக்கி இக்கூடத்தவர். மங்கோலியாவின் முதல் யோகோசுனாவான அசாஷோர்யூவும் இங்கிருந்தே 2003இல் அத்தகுதியைப் பெற்றார். தக்காமியாமா தனியே தொடங்கிய அசுமாசெக்கி கூடம், முதல் வெளிநாட்டு யோகோசுனாவான அக்கெபோனோவை உருவாக்கியது. 2020 முதல் தக்காசாகோ கூடத்தின் தலைவராக இருப்பவர் மங்கோலியாவில் பிறந்த முன்னாள் மல்லர். நிறுவனரின் பெயரையே அவரும் தாங்குகிறார்.

ஒரு கூடத்திற்கு ஒரே ஒரு வெளிநாட்டவர் என்ற இன்றைய கட்டுப்பாட்டை மரபின் பெயரால் நியாயப்படுத்துவது சரியன்று. அடுத்து சுமோ பற்றி எழுதும்போது இக்கட்டுப்பாட்டையும், ஊதியமில்லா இளைய மல்லர்களின் நிலையையும் தங்கள் இதழ் விரிவாக ஆராய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி