காப்பகத்தை ஆராய்ச்சி மாணவிகளுக்கும் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நம் வளாகத்துக் குழந்தைகள் காப்பகத்தின் கதவில் போன வாரம் ஒட்டிய அறிவிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். நிரந்தர ஊழியர்களின் குழந்தைகளுக்கு மட்டுமே இடம், ஆராய்ச்சி மாணவர்களும் திட்டப் பணியாளர்களும் விண்ணப்பிக்க வேண்டாம் என்கிறது அது. அவர்களுக்கும் காப்பகத்தைத் திறந்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

மறுநாள் மத்தியானம் எங்கள் ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிக்கும் 240 நாள் விடுப்பு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தார் ஒரு மாணவி. கண்ணாடிச் சாமான்கள் வைக்கும் அறையில், அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து தாய்ப்பால் எடுத்தார். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வெளியே நான் காவலுக்கு நின்றேன். எடுத்த பாலை எங்கே வைப்பது? எங்கள் ஃபிரிட்ஜில் எத்திடியம் புரோமைடு என்ற நச்சுச் சாயமும் பாக்டீரியா வளர்க்கும் தட்டுகளும் இருக்கின்றன. அதில் உணவுப்பொருள் வைக்கக் கூடாது, சரியான விதிதான். பாட்டிலை அப்படியே தொட்டியில் கவிழ்த்தார். குழாயைத் திறந்து கழுவிவிட்டு, "செல்லுக்கு மீடியா மாத்தணும் மேடம்" என்று, வளர்க்கும் செல்களுக்கு ஊட்டக் கரைசலை மாற்ற உள்ளே போய்விட்டார். அவருடைய குழந்தை அந்த நேரத்தில் இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில், பக்கத்து வீட்டு அக்காவிடம் இருந்தது. நம் காப்பகம் எங்கள் கட்டடத்துக்கு எதிரிலேயே இருக்கிறது.

ஆராய்ச்சி மாணவர்கள் ஊழியர்கள் அல்லர், விதியில் இடமில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். 50 ஊழியர்களோ அதற்கு மேலோ இருந்தால் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். அது குறைந்தபட்சம். அதற்கு மேல் செய்யாதே என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறோம், ராத்திரி கருவிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம். அப்போதெல்லாம் அவர்கள் மாணவர்கள் என்பது நமக்கு ஞாபகம் வருவதில்லையே, ஐயா.

அறிவியல் நாளுக்கு நம் வாசலில் வானிலை விஞ்ஞானி அன்னா மாணியின் படத்தை வைத்தோம். சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்து, ஐந்து கட்டுரைகள் வெளியிட்டு, 1945-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தவர் அவர். எம்.எஸ்சி. படிக்கவில்லை என்று முனைவர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். அன்றைக்கும் விதியைத்தான் காட்டினார்கள். படத்துக்கு மாலை போட்ட நாமும் அதையே செய்கிறோமே என்று நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

என் பையனை என் அம்மா வளர்த்தார். அதனால்தான் நான் இங்கே இருக்கிறேன். என்னோடு சேர்ந்தவர்களில், அப்படிக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா பக்கத்தில் இல்லாத இரண்டு பேர் இப்போது ஆய்வில் இல்லை. இரண்டு பேருமே என்னைவிடக் கெட்டிக்காரிகள். விட்டுப்போன பெண்களைத் திரும்ப அழைத்துவர மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை தனித் திட்டமே வைத்திருக்கிறது. இருப்பவர்களைப் போகவிடாமல் பார்த்துக்கொள்ள நாம் ஒரு அறிவிப்பை எடுத்தால் போதும்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில் இதை எடுத்து, ஆராய்ச்சி மாணவர்கள், திட்டப் பணியாளர்களின் குழந்தைகளையும் காப்பகத்தில் சேர்க்க அனுமதிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கூட்டம் நடக்கும்வரை, தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் பால் வைக்க ஒரு சின்ன ஃபிரிட்ஜும் கொடுங்கள். நூலகத்துக்குப் பக்கத்தில் பழைய ஜெராக்ஸ் அறை காலியாகத்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நிறுவனத்தின் விஞ்ஞானி ஒருத்தி