எரிவாயுக் குழாய்க்கு நிலம்: எந்த உரிமையைக் கேட்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழாய் புதைக்க நிலம் கேட்டு ஆட்கள் வந்தால், மலேசியாவில் நம் செம்பனைச் (எண்ணெய்ப்பனை) சிறுதோட்டக்காரர்கள் "ஏக்கருக்கு எத்தனை வெள்ளி?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். விலையைப் பேசுமுன் அவர்கள் கேட்கும் உரிமை எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நில அலுவலகத்தில் 'ஈஸ்மென்' என்று சொல்லும் வசதியுரிமை, ஒரு நிலத்தின் நன்மைக்காக இன்னொரு நிலத்தின்மேல் தரப்படுவது. ஆகவே நன்மை பெறும் நிலம் எது என்று, இந்த உரிமையை எழுதித் தரும் 17ஏ பாரத்தில் (படிவத்தில்) பாருங்கள். தேசிய நிலச் சட்டத்தின் 283ஆம் பிரிவுப்படி, இந்த உரிமையை வைத்துக்கொண்டு நிலத்தின் எந்தப் பகுதியையும் தனக்கு மட்டும் என்று அடைத்துக்கொள்ள முடியாது. குழாய்க்கு மேல் மரம் நடக்கூடாது என்று தடுக்கலாம். வேலி போட்டுப் பூட்டி வால்வு நிலையம் கட்டுவதென்றால், அந்த இடத்துக்குக் குத்தகை, கையகப்படுத்தல் போன்ற வேறு வழிதான் வேண்டும். பேரமும் அதற்கேற்ப மாறும். நிலத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் என்றால் குத்தகை 30 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவாக வேண்டும்.

இனி மரக் கணக்கு. 20 மீட்டர் அகலம், 200 மீட்டர் நீளம் என்று வைத்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். 9 மீட்டர் முக்கோண நடவில் அதில் 57 செம்பனை நிற்கும். எட்டு வயது மரத்தை வெட்டினால், 25 ஆண்டு ஆயுளில் இன்னும் 17 ஆண்டுக் குலை போகிறது. கன்று விலையையோ இந்த ஆண்டு வெட்டையோ மட்டும் காட்டி முடித்துவிடப் பார்ப்பார்கள். வேலைக்காகத் தற்காலிகமாகக் கேட்கும் கூடுதல் அகலத்தையும் விட்டுவிடாதீர்கள். அங்கே மறுநடவு செய்தாலும் முதல் வெட்டுக்குச் சுமார் மூன்றாண்டு ஆகும்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பிந்திய வேலைகள். குழாய்ப் பாதை நிலத்தை இரண்டாக வெட்டினால், குலை ஏற்றிய லோரி எந்த இடத்தில் கடக்கும், மறுநடவின்போது ஹைமேக் (மண்வெட்டும் இயந்திரம்) எங்கே கடக்கும், வடிகால் எப்படிப் போகும் என்று வரைபடத்தில் குறித்து ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும். எழுதாவிட்டால் ஒவ்வொரு முறையும் நம் நிலத்துக்குள்ளேயே நாம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதுதான். மேல்மண்ணைத் தனியே குவித்து, மூடும்போது மேலேயே போடச் சொல்லுங்கள். அடிமண் மேலே வந்தால் புல்கூடச் சரியாக முளைக்காது. மூடிய பள்ளம் மழைக்குப் பின் அமுங்கித் தண்ணீர் தேங்கும். குறைந்தது இரண்டு மழைக்காலம் மண் நிரப்பும் பொறுப்பு அவர்களுடையது என்று எழுத வேண்டும். வெட்டிய செம்பனைத் தண்டைக் குவித்துவிட்டுப் போனால் காண்டாமிருக வண்டு அதில் பெருகி, பக்கத்துக் கன்றுகளின் குருத்தைத் துளைக்கும். தண்டுகளை மெல்லிய துண்டுகளாகச் சீவிப் பரப்ப வேண்டும். ஹைமேக் தூக்கி எறிந்த எல்லைக் கல்லைத் திரும்ப நடும் செலவும் அவர்கள் கணக்கில்தான்.

நாம் மறுத்தாலும், அரசு நிலத்தை எடுத்துக்கொள்ள 1960 நிலக் கையகப்படுத்தல் சட்டம் இருக்கிறது. இழப்பீட்டை முடிவுசெய்யும் நில நிர்வாகியின் விசாரணைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். ஆலை ரசீதுகள், சொந்த மதிப்பீட்டாளரின் அறிக்கை, நிலம் துண்டாடப்படுவதால் வரும் நட்டக் கணக்கு மூன்றும் வேண்டும். தொகை போதாது என்றால் ஆட்சேபத்தோடு பெறுவதாகவே எழுதிப் பணத்தை வாங்குங்கள். பிறகு 'பாரம் என்' (N படிவம்) வழியாக ஆட்சேபத்தை உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பக் கேட்கலாம். விசாரணையில் இருந்தவருக்கு, நில நிர்வாகி தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து ஆறு வாரமே கெடு.

கிராண்ட் (நிலப்பட்டா) இன்னும் இறந்துபோன அப்பா பெயரில் இருந்தால், இப்போதே நில அலுவலகத்துக்குப் போய் 1955 சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி பெயர் மாற்றும் வழியை விசாரியுங்கள். வங்கியில் அடமானம் இருந்தால் வங்கிக்கும் முன்கூட்டியே தெரிவியுங்கள். பேச்சு தொடங்கிய பிறகு ஓடினால் அவர்கள் அவசரத்துக்கு நாம் ஆட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
செம்பனைச் சிறுதோட்ட வாசகர்,
லாபிஸ், ஜொகூர்.