சாரணர் படைகளில் அணிமுறை நடைபெற வாரம் 90 நிமிடமும் அணிக்கொரு முகாம் பெட்டியும் வேண்டி மனு

அனுப்புநர்:
திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் சாரணர், சாரணியர் படைகளை நடத்திவரும் ஆசிரியர்கள்

பெறுநர்:
பள்ளிக் கல்வி இயக்குநர் அவர்கள்,
பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்,
கல்லூரிச் சாலை, சென்னை – 600 006

பொருள்: சாரணர், சாரணியர் படைகளுக்கு நேரம், அளவு, பொருள்கள் ஒதுக்கி ஆணையிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையைத் தந்தது. மாணவர் கையில் சாதிக் கயிறு கூடாது, பெயரின் அகர வரிசைப்படி வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. இரண்டும் அவசியம். ஆனால் பக்கத்தில் உட்காருவதால் மட்டும் பிள்ளைகள் பழகிவிடுவதில்லை. ஒருவர் சாப்பிட்ட தட்டை இன்னொருவர் கழுவ வேண்டும். நேற்று தன் சொல்லைக் கேட்டவன் இன்று வேலை சொல்லும்போது முகம் சுளிக்காமல் செய்ய வேண்டும். இதைப் பழக்குவதற்கென்றே ஒரு முறை நம் பள்ளிகளுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. படையைச் சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியும் தன் தலைவரின் கீழ் தானே முடிவெடுத்து வேலைகளைப் பகிர்ந்து செய்யும் சாரணர் இயக்கத்தின் அணிமுறைதான் அது. இன்று பல பள்ளிகளில் படை இருக்கிறது, அணிமுறை இல்லை. அதை மீட்டெடுக்கவே இம்மனு.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலேயே, வசதியான விடுதிப் பள்ளிச் சிறுவர்களும் உழைக்கும் வீட்டுச் சிறுவர்களும் நான்கு அணிகளாகக் கலக்கப்பட்டார்கள். அதே இயக்கம் 1909இல் பெங்களூருக்கு வந்தபோது இந்தியச் சிறுவர்களுக்கு அதில் இடமில்லை. அந்தக் கதவைத் திறக்க 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட்டும் ஜி. எஸ். அருண்டேலும் இந்தியச் சிறுவர்களுக்கென ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பிரிந்து கிடந்த சங்கங்கள் இணைந்து 1950 நவம்பர் 7இல் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானது. சமத்துவம் இங்கே கேட்டுப் பெற்ற ஒன்று. இயக்கத்தில் சேர்ந்தால் அது தானாக வந்துவிடும் என்று இருந்துவிட முடியாது.

எங்கள் முதல் கோரிக்கை படையின் அளவு பற்றியது. ஓர் அணிக்கு 6 முதல் 8 பேர். ஒரு படைக்கு அதிகம் போனால் நான்கு அணிகள், 32 பேர். பெயர்ப் பட்டியலில் நூறு பேரைக் காட்டி ஓர் ஆசிரியரை நிறுத்தினால் அது உடற்பயிற்சி வகுப்பாகிவிடும். 32க்கு மேல் பிள்ளைகள் இருந்தால் இரண்டாம் படை, அதற்குப் பயிற்சி பெற்ற இன்னோர் ஆசிரியர் என்று ஆணையிட வேண்டுகிறோம். அணிகளைப் பிள்ளைகள் தாமே பிரித்துக்கொள்ள விட்டால் ஒரே தெரு, ஒரே பேருந்து என்று சேர்ந்துகொள்வார்கள். எனவே ஆசிரியரே வகுப்பும் ஊரும் கலந்து பிரிக்க வேண்டும். ஆண்டின் நடுவில் நண்பனோடு சேர்த்துவிடும்படி கேட்டாலும் மாற்றக் கூடாது. மதிப்பெண் பார்த்துச் சாரணர்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் நிற்க வேண்டும். படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்குத்தான் அணியில் ஒரு பொறுப்பு பெரிய தெம்பைத் தருகிறது.

அடுத்தது நேரம். நாற்பது நிமிடப் பாடவேளையில் கொடியேற்றி, வருகை எடுத்து, நடைபயிற்சி முடிந்தால் மணி அடித்துவிடுகிறது. முறையான கூட்டத்துக்கு 90 நிமிடம் வேண்டும்: கொடியும் இறைவணக்கமும் 10, அணித்தலைவர் செய்யும் ஆய்வு 10, விளையாட்டு 15, முடிச்சு அல்லது முதலுதவிப் பயிற்சி 20, அணி மூலை 25, நிறைவு 10. நேரம் போதாதபோது எல்லாப் பள்ளிகளிலும் முதலில் வெட்டுப்படுவது அணி மூலைதான். அணி எட்டுப் பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து, பெரியவர் குறுக்கீடு இல்லாமல் அடுத்த வார வேலையைத் தாமே முடிவு செய்யும் நேரம் அது. அது போனால் தலைமைப் பண்பு வளர இடமே இல்லை. ஆகவே வாரத்தில் ஒருநாள் கடைசி இரண்டு பாடவேளைகளோடு மேலும் பத்து நிமிடம் சேர்த்து ஒதுக்கித் தர வேண்டும். தேர்வுக் காலம் தவிர அந்த நேரத்தைப் பாடத்துக்கு எடுக்கக் கூடாது.

முகாமைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம். இப்போதெல்லாம் சமையலை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள். வேலை எளிதாகிறது, ஆனால் முகாமின் உயிர் அங்கேயே போய்விடுகிறது. நாளுக்கு ஒரு வேளையாவது அணியே சமைக்க வேண்டும். எட்டுப் பேருக்கு ஒரு வேளைக்கு அரிசி 1 கிலோ, துவரம்பருப்பு 250 கிராம், காய்கறி, எண்ணெய் எல்லாம் பொதுச் சேமிப்பிலிருந்து அளந்து தரப்பட வேண்டும். வீட்டிலிருந்து தனிச் சாப்பாடும் தனித் தட்டும் அனுமதிக்கக் கூடாது. மருத்துவக் காரணம் மட்டும் விலக்கு. வேலைகள் நான்கு: சமைப்பது, விறகும் அடுப்பும், தண்ணீர், பாத்திரமும் கழிப்பிடத் தூய்மையும். வேலைக்கு இருவர். தினமும் ஒரு படி நகர்த்தினால் நான்கு நாள் முகாமில் எட்டுப் பேரும் எல்லா வேலையையும் செய்துவிடுவார்கள்.

தவறு நேர்வது இங்கேதான். “யார் செய்கிறீர்கள்?” என்று கேட்டு வேலை பிரித்தால், கழிப்பிடத் தூய்மை எப்போதும் குறிப்பிட்ட வீட்டுப் பிள்ளைகள் தலையிலேயே விழுகிறது. அவர்களும் பழகிப்போய் மறுக்காமல் செய்கிறார்கள். அதனால் பணிப் பட்டியலை முகாமுக்கு முன்பே எழுதி அணிக் கூடாரத்தில் ஒட்ட வேண்டும். முதல் நாள் தூய்மைப் பணியில் அணித்தலைவர் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். தின்பண்டம் கொடுத்து முறையை மாற்றிக்கொள்வதும் நடக்கும்; ஒவ்வொரு முறை மாற்றத்திலும் ஆசிரியர் நேரில் பார்த்துக் கையெழுத்திட்டால் அது நின்றுவிடும்.

இதற்குப் பொருள்கள் வேண்டும். ஓர் அணிக்கு ஒரு பெட்டி: 7 லிட்டர், 5 லிட்டர் பாத்திரம் ஒவ்வொன்று, கரண்டி 2, கத்தி 1, வாளி 2, 20 லிட்டர் குடிநீர்க் கேன் 1, தார்ப்பாய் 1, ஒன்றரை மீட்டர் மூங்கில் கைத்தடி 8, மூன்று மீட்டர் சணல் கயிறு 12, முக்கோணக் கட்டுத்துணி 4 உள்ள முதலுதவிப் பெட்டி. கயிறு சணலாகவே இருக்கட்டும். நைலான் கயிறு வழுக்குவதால் கம்புகளைச் சேர்த்துக் கட்டிய கட்டு இறுகி நிற்காது. தட்டு அடுக்கும் பரண் சரிந்துவிடும். பெட்டி பூட்டிய அலமாரியில் கிடக்காமல், அதன் கணக்கும் சாவியும் அணித்தலைவரிடம் இருக்க வேண்டும்.

சீருடைச் செலவைப் பெற்றோர் மேல் சுமத்துவதால் ஏழைப் பிள்ளைகள் சேராமலே நின்றுகொள்கிறார்கள். ஒவ்வொரு படைக்கும் பத்து சீருடைகள் பள்ளி இருப்பாகத் தரப்பட்டு, பிள்ளை வளர்ந்ததும் திரும்பப் பெற்று அடுத்தவருக்குக் கொடுக்கப்பட வேண்டும். அதுவரை பள்ளிச் சீருடையும் படையின் ஸ்கார்ஃபும் போதும் என்று தெளிவுபடுத்த வேண்டுகிறோம். எல்லோர் கழுத்திலும் ஒரே நிறம் இருக்கிறது. கையில் வேறு நிறத்துக்கு வேலையில்லை.

அணித்தலைவரை ஆசிரியர் தன்னிச்சையாக நியமிக்காமல், அணியினரைக் கலந்து தேர்ந்தெடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை அணித்தலைவர்கள் கூடும் கோர்ட் ஆஃப் ஆனர் கூட்டத்தில் நிகழ்ச்சி, செலவு, ஒழுங்கு எல்லாவற்றையும் அவர்களே பேசி முடிவு செய்து குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஆசிரியர் ஆலோசகர் மட்டுமே. ஆய்வு அலுவலர்கள் பள்ளிக்கு வரும்போது விருதுப் பட்டியலுக்கு முன்பாக அந்தக் குறிப்பேட்டைக் கேட்டுப் பார்க்கும்படி அறிவுறுத்த வேண்டுகிறோம்.

சாரணியர் படைக்குப் பெண் ஆசிரியர் ஒருவரும், முகாம் இடத்தில் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறையும் இல்லாவிட்டால் பெற்றோர் அனுப்ப மாட்டார்கள். அவர்கள் தயக்கம் நியாயமானது.

2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் நடந்த சாரணர் இயக்க வைரவிழாப் பெருந்திரளணி (ஜம்போரி) நம் மாநிலத்துக்குப் பெருமை. அங்கே போகும் பிள்ளைகள் சிலர்தான். பள்ளித் திடலில் வாரந்தோறும் கூடுபவர்கள் பல மடங்கு. செலவைத் திட்டமிடும்போது இவர்களையும் கருத வேண்டும்.

கடைசியாக இரண்டு. அரசு விழாக்களில் வெயிலில் மணிக்கணக்காக வரிசை நிறுத்துவதற்கும் விருந்தினருக்குத் தண்ணீர் கொடுப்பதற்கும் சாரணர்களை அழைப்பதைத் தவிர்க்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியர் மாறுதலில் போனதும் படை கலைந்துவிடுவதால், ஒவ்வொரு படைக்கும் இருவருக்கு அடிப்படைப் பயிற்சி அளித்து, இருவரையும் ஒரே ஆண்டில் மாற்றாதிருக்க வழிகாட்டுதல் வெளியிட வேண்டும். வரும் கல்வியாண்டு தொடங்கி ஜூன் மாதத்துக்குள் கால அட்டவணை முடிவாகிவிடும் என்பதால், அதற்கு முன்பே ஆணை கிடைக்கும்படி ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சாரணர், சாரணியர் படை ஆசிரியர்கள்
திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)