எல்சாட் கோச்சிங் எடுக்குறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

2024 ஆகஸ்ட்ல இருந்து எல்சாட்ல (அமெரிக்க லா காலேஜ் நுழைவுத் தேர்வு) லாஜிக் கேம்ஸ்ங்கிற புதிர்ப் பகுதி கிடையாதுன்னு ஆனதும் பழைய நோட்ஸை எல்லாம் எடைக்குப் போட்டிருப்பீங்க, தப்பு சொல்லல, ஆனா அதுல சீக்வென்சிங்கை, அதாவது யாருக்கு அப்புறம் யாருன்னு வரிசைப்படுத்துற புதிரை மட்டும் ஒரே ஒரு கிளாஸாவது நடத்துங்கன்னு கேக்கத்தான் இதை எழுதுறேன்.

கேம்ஸைத் தூக்கினது சரிதான். 35 நிமிஷத்துல நாலு கேம் முடிக்கணும்னா பேப்பர்ல கட்டம் போட்டே ஆகணும், கண்ணு தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க? அப்படி ஒருத்தர் கேஸ் போட்டு, 2019ல சமரசம் ஆகி, அதுக்கப்புறம்தான் இது போச்சு. இப்ப மார்க்குக்கு வர்றது ரெண்டு லாஜிக்கல் ரீசனிங், ஒரு ரீடிங், அவ்ளோதான்.

ஆனா இதைப் பாருங்க. கோர்ட்ல ஆறு சாட்சி, க ச ட த ப ம. ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா கூண்டு ஏறணும். ப வந்த அப்புறம்தான் க, க வந்த அப்புறம்தான் ச, ச முடிஞ்ச உடனே ட, த நாலாவது ஆளு. நான் ஆரம்பத்துல இந்த மாதிரி வந்தா ஆப்ஷனை ஒவ்வொண்ணா போட்டுப் பாத்துட்டு உக்காந்திருப்பேன், டைம் போயிடும். கட்டம் போட்டா என்ன ஆகுது? ச-ட ஒட்டிக்கிட்டே வரணும், அதுக்கு முன்னாடி குறைஞ்சது ரெண்டு பேர் வேணும், நாலாவது சீட்ல த உக்காந்தாச்சு, அப்ப அந்த ஜோடிக்கு 5, 6 தவிர வேற இடமே இல்ல. மிச்சம் 1, 2, 3. அதுல ப-வுக்குப் பின்னாடி க, ம எங்க வேணா சொருகிக்கலாம். மொத்தமே மூணு வரிசைதான். கேள்வியப் படிக்கிறதுக்கு முன்னாடியே பாதி பதில் கையில இருக்கு, அந்த நிமிஷம் வர்ற குஷி இருக்கே, அது தனி.

ம முதல்ல வரலாம். ச அஞ்சாவதா வந்தே ஆகணும். இந்த “லாம்”, “ஆகணும்” ரெண்டையும் குழப்பிக்கிட்டுதான் பசங்க இப்பவும் லாஜிக்கல் ரீசனிங்ல மார்க் விடுறாங்க, அங்க அது வளவளன்னு ஒரு பாராவுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், கட்டத்துலன்னா கண்ணு முன்னாடி நிக்கும். கண்ணு தெரியாத ஸ்டூடண்ட் இருந்தா இதையே ஆறு டம்ளரை வரிசையா வச்சு தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, கிளாஸ்ல டைமர் ஓடப்போறது இல்லையே.

பழைய பேப்பர் எடைக்குப் போகாம என்கிட்ட ஒரு கட்டு இருக்கு, வேணும்னா ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க.

இப்படிக்கு,
கட்டம் போட்டே பாஸானவன்