மாடு கறக்காத மகள்

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்
ஞாயிறு இரவு

மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. "என் பையன் திருப்பூரில் சேர்ந்துவிட்டான், உன் மகள் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு இன்னுமா வீட்டில் இருக்கிறாள்?" என்று எழுதியிருந்தாய். படித்ததும் சுருக்கென்று கோபம் வந்தது. அதனால்தான் பதில் போடவில்லை. இப்போது ஆறிவிட்டது.

இதற்கிடையில் வீட்டில் ஒரு கூத்து நடந்தது. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புக்கு ஒரு பையன் டேப்லெட்டும் கையுமாக வந்தான். மலையாளத்தில் ஆரம்பித்தவன், எங்கள் வீட்டுப் பேச்சைக் கேட்டதும் பாதித் தமிழுக்கு வந்துவிட்டான். நல்ல பையன். திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்தோம். என் வீட்டுக்காரியிடம் வேலை உண்டா என்று கேட்டான். "எனக்கென்ன வேலை, வீட்டில்தான் இருக்கிறேன்" என்றாள். மாடு உண்டா, பாலைச் சொசைட்டிக்கு ஊற்றுகிறீர்களா என்று தோண்டினான். உண்டு என்றதும் "அப்படியென்றால் நீங்கள் தொழிலாளி" என்று தட்டிவிட்டான். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணமாகி 27 வருஷத்தில் அவளை அப்படிச் சொன்ன முதல் ஆள் அவன்தான்.

அப்புறம் மகள் முறை. வருஷத்தில் 30 நாள் ஏதாவது வேலை செய்திருந்தாலே போதுமாம், அவர்கள் கணக்கில் வேலையில் இருப்பவர்தான். சம்பளம் வாங்காமல் வீட்டுத் தொழிலுக்குக் கைகொடுத்தாலும் அப்படித்தானாம். "நீங்க மாடு கறப்பீங்களா?" என்று கேட்டான். தினமும் காலையில் அஞ்சு லிட்டர் கறக்கிறவள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் "இல்லை" என்றாள். நான் வாயைத் திறக்கப் போனேன், ஒரே பார்வையில் அடக்கிவிட்டாள்.

அவன் போனபின் கேட்டேன். "இத்தனை படிச்சிட்டு, கணக்குல மாட்டுக்காரியா நிக்கணுமாப்பா? வேலை இல்லைன்னே இருக்கட்டும்" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

நீ பேப்பரில் பார்த்திருப்பாய். 2023-24 கணக்குப்படி நாட்டில் வேலை செய்கிறவர்களும் தேடுகிறவர்களும் சேர்ந்ததில் வேலையில்லாதவர் 3.2 சதவீதம், கேரளத்தில் 7.2. பதினைந்திலிருந்து இருபத்தொன்பது வயதுவரை எடுத்தால் இங்கே 29.9. மாநிலங்களில் நாங்கள்தான் முதலிடம். அந்த வயதுப் பெண்கள் மட்டும் என்றால் 47.1. இதைப் பார்த்துத்தான் உங்கள் ஊர்க்காரர்கள் எங்களைச் சோம்பேறி என்கிறார்கள். சோம்பல் இல்லை மாப்ளே, காத்திருப்பு. நம்ம பக்கத்து வீட்டுப் பையன் ஜனவரி ஆனால் மாந்தோப்பு ஊரான முதலமடைக்கு மாங்காய் கட்டப் போவான். வைக்கோல் பரப்பிப் பெட்டி அடுக்கி, லாரி ஏற்றி, மூன்று மாதம். அப்புறம் கடைத்திண்ணை. 30 நாள் தாண்டியாச்சே, அவன் 'வேலையில் இருப்பவன்'. காத்திருக்க வசதி உள்ள வீட்டுப் பிள்ளைதான் வேலையில்லாத கணக்கில் வருகிறது.

பாலக்காட்டுப் பக்கத்துத் தொழிற்பேட்டையான கஞ்சிக்கோட்டில் வேலை இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. உலைக்கு முன்னால் நிற்கிற வேலை, அதற்கு வடக்கத்திப் பையன்கள் வந்துவிட்டார்கள். 2008-ல் ரயில் பெட்டித் தொழிற்சாலை வருகிறது என்றார்கள், 2012-ல் கல்லும் நாட்டினார்கள். நாமே பஸ் பிடித்துப் போய் வேடிக்கை பார்த்தோமே! கல்தான் மிச்சம். அப்புறம் 2024 ஆகஸ்டில் புதுச்சேரி பஞ்சாயத்துப் பக்கம் (உங்கள் பாண்டிச்சேரி இல்லை) 1,710 ஏக்கரில் தொழில் நகரத்துக்கு டெல்லி ஒப்புதல் கொடுத்திருக்கிறது. 51,000 பேருக்கு வேலையாம். மகளிடம் சொன்னேன். "கல்லு எப்போ நாட்டறாங்க?" என்றாள்.

அவள் நம்புவது, மாநில அரசு வேலைக்குப் பரீட்சை வைத்து ஆள் எடுக்கும் பி.எஸ்.சி.யை மட்டும்தான். தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்று தனியாக எல்.டி. கிளார்க் (கீழ்நிலை எழுத்தர்) போடுகிறார்கள், எல்லைப் பிள்ளைகளுக்கு அது ஒரு திறந்த கதவு. இடமோ கைவிரல் விட்டு எண்ணலாம். அந்தப் பரீட்சைக்கான 'ரேங்க் ஃபைல்' வழிகாட்டிப் புத்தகத்தைத் தொழுவத்து ஜன்னலில் சாய்த்து வைத்துக்கொண்டு கறக்கிறாள். போன வாரம் பசு அதில் நாலு பக்கத்தைத் தின்றுவிட்டது. நல்லவேளை, அரசியலமைப்புச் சட்டம் தப்பியது.

அடுத்த மாதம் பாலக்காட்டில் பரீட்சை. அதுவரை இந்தப் பேச்சு வேண்டாம். ஆனால் உன் பையனிடம் மெல்லக் கேட்டு வை, திருப்பூர்ச் சாய லேபுகளில் கெமிஸ்ட்ரி படித்தவர்களை எடுக்கிறார்களா, பெண் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் உண்டா என்று. எனக்குத் தனியாகப் போன் பண்ணு. அவள் தொழுவத்தில் இருக்கும் நேரம், காலை ஐந்தரை.

உன்
கடைசி பெஞ்சுக்காரன்