கண்ணாடியை உருக்கிய தொட்டி

அன்புள்ள மகள்,

நீ அனுப்பிய வீடியோ வந்தது. அம்மா மூன்று தரம் பார்த்துவிட்டு, "பிள்ளை மெலிஞ்சிட்டாள்" என்றாள். பாட்டைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அதற்குக் கீழே நீ எழுதியதை நான் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. ஆராதனையில் பாடும்போது ஆண்டவரை நினைக்கிறேனா, கெமராவில் எப்படித் தெரிவேன் என்று நினைக்கிறேனா, பேசாமல் பாடுவதையே விட்டுவிடவா என்று கேட்டிருந்தாய். போனில் இதற்குப் பதில் சொல்ல எனக்கு வராது.

தேயிலை ஃபெக்டரியில் மெஷின்களைக் காக்கும் சாமி என்று ரோதைமுனிக்குப் பூசை வைப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? நான் வாசலுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். வேதக்காரன் அல்லவா! உள்ளே தேங்காய் உடைத்த அண்ணன், ரோலரில் யாருடைய கையும் போகக்கூடாது என்று வேண்டுவார். என் கையும் அதில் சேர்த்தி. ஞாயிறு வந்தால் நான் ஆலயத்தில் எழுந்து நீளமாக ஜெபிப்பேன். என் குரல் சுவரில் பட்டுத் திரும்புவதைக் கேட்டுக்கொண்டே ஜெபிப்பேன். யார் யார் ஆமென் சொன்னார்கள் என்று மனதில் கணக்கும் இருக்கும். லூக்கா 18இல் தன்னையே மெச்சிக்கொண்ட பரிசேயன் "தனக்குள்ளே ஜெபம்பண்ணினான்" என்று வருகிறதே, அந்தச் சொல்லை எத்தனை தரம் வாசித்திருப்பேன். ஒரு நாளும் உறைத்ததில்லை. சிலையைப் பற்றி என் விசுவாசம் இன்றும் மாறவில்லை. ஆனால் வெளியே நின்ற அந்த ஆளை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வருடம் தொண்டை கட்டி மூன்று மாதம் பேச்சில்லாமல் பின் பெஞ்சில் கிடந்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி. விரல் இடுக்கில் கொழுந்துக் கறை இன்னும் போகவில்லை. ஜெப நேரத்தில் அவர் பேரப்பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக முணுமுணுப்பார். பெயர்கள் மட்டும்தான். வேறு ஒரு வார்த்தை கிடையாது.

அதற்காக உன் முகத்தை வெறுக்கச் சொல்ல மாட்டேன். 1854இல் இலங்கையின் இந்த மலைத் தோட்டங்களில் தொடங்கிய மிஷனுக்குப் பெயரே தமிழ்க் கூலி மிஷன். அப்படிப் பெயர் வாங்கிய சனம் நாம். நம்மில் ஒருத்தி எழுந்து பாட, நாலு பேர் தலையைத் திருப்பிப் பார்ப்பது சின்னக் காரியமா? ஆதியாகமம் தேவசாயல் என்று சொல்வது உன் முகத்தையும் சேர்த்துத்தான்.

யாத்திராகமத்தில் இரண்டு இடங்களைப் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார். 32ஆம் அதிகாரத்தில் சனங்கள் பொன் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார்கள், கும்பிடும் கன்றுக்குட்டி ஆனது. மோசே கேட்டதற்கு ஆரோன் சொன்ன சாட்டு இருக்கிறதே, பொன்னை நெருப்பில் போட்டேன், இது வெளியே வந்தது என்று! எனக்குச் சிரிப்பு வரும். அப்புறம் என் ஜெபமும் "தானாக வந்தது" என்று நான் சொல்லித் திரிந்தது ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுவிடும். 38:8க்கு வா. கூடாரவாசலில் கூடிய பெண்களின் தர்ப்பணங்களை, அதாவது முகம் பார்க்கும் வெண்கலக் கண்ணாடிகளை, வாங்கித்தான் தண்ணீர்த் தொட்டி செய்தார்கள். ஆசாரியர்கள் உள்ளே போகுமுன் கைகால் கழுவிய தொட்டி. கண்ணாடி வைத்திருந்ததற்காக யாரும் அந்தப் பெண்களை ஏசியதாக அங்கே எழுதியில்லை. நேற்றுவரை முகம் பார்த்தது, இன்றைக்குத் தண்ணீர் ஏந்துகிறது, அவ்வளவுதான்.

ஆகவே பாட்டை விடாதே. ஒரு மாதத்துக்கு உன் வீடியோவை நீயே திருப்பிப் பார்க்காமல் இருந்து பார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதையும் பார்க்காதே. இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். குரல் திரும்பிய முதல் ஞாயிறு போதகர் என்னை ஜெபிக்கச் சொன்னார். இரண்டே வசனத்தில் முடித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "எவ்வளவு தாழ்மை" என்று யாராவது சொல்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. கோபம்கூட வந்தது.

இங்கே ஒரே மழையும் பனியும். நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, வரும்போது இராத்திரி பஸ்ஸில் ஹட்டன் வராதே, காலையில் ஏறு. அம்மா இப்போதும் போனை வைத்துக்கொண்டு உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அப்பா